மச்சான் பங்குக்கு வருகிறார்: பார்ட்னர்ஷிப்பா, எல்எல்பியா?

கேள்வி:
காங்கேயம் பக்கம் 2 மரச்செக்கு வைத்து நல்லெண்ணெய், கடலை எண்ணெய் ஆட்டுகிறேன். இதுவரை எல்லாம் என் ஒருவன் பெயரில்தான். இப்போது வீட்டம்மாவின் அண்ணன் 6 லட்சம் போட்டு உள்ளே வருகிறார். 'பார்ட்னர்ஷிப் பத்திரம் போதும் மாப்ளே' என்கிறார் அவர். ஆடிட்டர் எல்எல்பி (கடன் வந்தால் பங்குதாரரின் பொறுப்பு அவர் போட்ட பணத்தோடு நின்றுவிடும் கூட்டு நிறுவனம்) என்கிறார். எது சரி?

பதில் 1:
சித்தப்பா மகனோடு கொப்பரை வியாபாரம் செய்தவன் நான். பத்திரத்தில் பாதிப் பாதி என்றுதான் இருந்தது. அவன் கடனுக்கு எடுத்த 40 மூட்டைக்கான பாக்கியை முழுசாக என்னிடம் கேட்டு வாசலில் வந்து நின்றார்கள். பார்ட்னர்ஷிப்பில் அப்படித்தான், வீடு வரைக்கும் வரும். அப்புறம் இன்னொன்று: நாங்கள் நிறுவனத்தைப் பதிவு செய்யவில்லை. 1932 பார்ட்னர்ஷிப் சட்டத்தின் 69ஆம் பிரிவுப்படி, எங்களுக்கு வர வேண்டிய பாக்கிக்கு வழக்குப் போடவும் வழியில்லாமல் போனது.

பதில் 2:
வரியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், இரண்டுக்கும் 30 சதவீதம்தான். எல்எல்பியில் வியாபாரமே நடக்காவிட்டாலும் படிவம் 11ஐ (ஆண்டறிக்கை) மே 30க்குள்ளும், படிவம் 8ஐ (கணக்கு அறிக்கை) அக்டோபர் 30க்குள்ளும் போட வேண்டும். மறந்தால் அபராதம் ஏறிக்கொண்டே போகும். விற்றுமுதல் 40 லட்சமும் மூலதனம் 25 லட்சமும் தாண்டாதவரை எல்எல்பி சட்டப்படி தணிக்கை கட்டாயமில்லை. பேங்க் கடன் என்றால் எப்படியும் உங்கள் சொந்த கேரண்டி கேட்பார்கள்.

கேட்டவர்:
நன்றி. நேற்று ராத்திரி மச்சானிடம் எல்எல்பி என்றேன். 'அப்போ என்மேல நம்பிக்கை இல்லையா?' என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போய்விட்டார். இனி வீட்டம்மாவைத்தான் அனுப்ப வேண்டும்.