75 பிக்கப்புக்கு 1எச்டி-எஃப்டி எஞ்சின் போடுகிறேன்: எந்த ஒட்டோ கியர்பொக்ஸ் தாங்கும்?

கேள்வி: முழங்கால்75

வணக்கம். ஏலத்தில் எடுத்த லேண்ட் குரூசர் 75 பிக்கப் ஒன்று வைத்திருக்கிறேன். 1எச்இசட் டீசல் எஞ்சின், ஐந்து கியர் மெனுவல். கிழமைக்கு ஒருமுறை ஹாட்வெயார் சாமான் ஏற்றிக்கொண்டு ஹட்டன் போய் வருவேன், சில நேரம் பின்னால் ட்ரெயிலரும் இருக்கும். கித்துல்கல தாண்டி கினிகத்தேனை ஏற்றம் தொடங்கினால் அது மூச்சு வாங்குவதைப் பார்த்து, இறங்கித் தள்ளலாமா என்று வரும்.

போன வருஷம் இடது முழங்காலில் ஒபரேஷன். பின்னேரம் கிருலப்பனையிலிருந்து நுகேகொடை போய்ச் சேர எத்தனை தரம் கிளட்ச் மிதிக்கிறேன் என்று ஒருநாள் எண்ணத் தொடங்கி, நூறு தாண்டியதும் விட்டுவிட்டேன். எப்படியும் எஞ்சின் மாற்றத்தான் போகிறேன், அதோடு ஒட்டோவும் ஆக்கிவிடலாம் என்று முடிவு.

பஞ்சிகாவத்தையில் லேண்ட் குரூசர் 80 ஜீப் ஒன்றின் ஹாஃப் கட் (பாதியாக வெட்டி விற்கும் வண்டி) பார்த்திருக்கிறேன். 1எச்டி-எஃப்டி டர்போ டீசல் எஞ்சின், கூடவே அதன் ஏ442எஃப் நாலு கியர் ஒட்டோ. இன்டர்கூலர் வைத்து, டர்போ மாற்றி, டீசல் பம்பையும் கொஞ்சம் கூட்டி 550, 600 நியூட்டன் மீட்டர் வரை டோர்க் (இழுவை) எடுக்க ஆசை. கடைக்காரர் ஏ442எஃப் போதும் என்கிறார் (அவர் விற்கிறவர், வேறு என்ன சொல்வார்). கனடாவில் இருக்கும் மச்சான் அலிசன் 1000 ஒட்டோ பொக்ஸ் தேடு என்கிறான். பக்கத்துக் கராஜ் பையன், உடைத்த பிஎம்டபிள்யூவிலிருந்து 8எச்பி70 எட்டு கியர் ஒட்டோ எடுத்துத் தருகிறேன் என்கிறான். எதற்குக் காசு போடலாம்?

பதில்: பழைய கராஜ்

தம்பி, மூன்று பொக்ஸும் நல்ல பொக்ஸ்தான். எது பலம் என்று பார்க்காதீர்கள். உங்கள் எஞ்சினோடு எது கதைக்கும் என்று பாருங்கள்.

1எச்டி-எஃப்டியின் பம்ப் மெக்கானிக்கல். அதில் கம்பியூட்டர் இல்லை, எஞ்சின் இப்போது எவ்வளவு இழுக்கிறது என்று கியர்பொக்ஸுக்குச் சொல்ல ஆளில்லை. ஏ442எஃப் அதை ஒரு கேபிளில் தெரிந்துகொள்கிறது. பம்ப் லீவரிலிருந்து கியர்பொக்ஸுக்குப் போகும் கிக்டவுன் கேபிள்தான் அது. பெடலை அமத்தினால் கேபிள் இழுபடும், உள்ளே லைன் பிரஷர் (ஒயில் அழுத்தம்) ஏறும், கிளட்ச் தட்டுகள் இறுகிப் பிடிக்கும். லொக்-அப்புக்கு மட்டும், அதாவது எஞ்சினையும் பொக்ஸையும் ஒயில் வழியாக இணைக்கும் கொன்வேட்டரை வழுக்காமல் நேராகப் பூட்டுவதற்கு, ஒரு சின்ன மின் கட்டுப்பாடு வேண்டும்.

வில்லங்கமும் அங்கேதான். கேபிளுக்குத் தெரிவது உங்கள் கால் மட்டும், பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) தெரியாது. தொழிற்சாலை எஞ்சின் 380 நியூட்டன் மீட்டர். நீங்கள் பம்பைக் கூட்டிய பிறகு அரைப் பெடலிலேயே அந்த 380 வந்துவிடும். பொக்ஸோ, அரைப் பெடல்தானே என்று அரைப் பிரஷர் கொடுத்துக்கொண்டிருக்கும். தட்டு வழுக்கும், உங்களுக்குத் தெரியாது. ஆறு மாதத்தில் ஒயில் கறுத்து, கருகிய மணம் வரும். "ஏ442எஃப் தாங்காது" என்று சொல்கிற பல பேரின் கதை இதுதான்.

பொக்ஸ் பலவீனம் இல்லை. 1998இல் வந்த 100 ஜீப்பில் 1எச்டி-எஃப்டிஈயின் 430 நியூட்டன் மீட்டருக்குப் பின்னாலும் இதையேதான் வைத்தார்கள். 600க்குப் போவதென்றால் மூன்று வேலை செய்யுங்கள். பிரஷர் கூட்டிய வால்வ் பொடி (உள்ளே ஒயிலைப் பங்கிடும் பகுதி), பெரிய லொக்-அப் கிளட்ச் உள்ள கொன்வேட்டர், தனி ஒயில் கூலர். ஆஸ்திரேலியாவில் இந்த எஞ்சினுக்கு இதைப் பல வருஷமாகச் செய்கிறார்கள், சாமான் அங்கிருந்து வரும்.

அலிசன் நல்ல குதிரைதான். 2001இல் அமெரிக்க டீசல் பிக்கப்புகளுக்கு வந்தது. ஆனால் 75இன் தரையை வெட்டாமல் அது உள்ளே போகாது. கொன்ட்ரோலர், அடப்டர் எல்லாம் வேறு. மச்சான் கனடாவில் இருந்தால் சரி, நீங்கள் கொழும்பில்.

பதில்: மின்சாரக்காரன்

பழைய கராஜ் அண்ணா சொன்னதில் பிழை இல்லை, ஆனாலும் 8எச்பியை இப்படி ஒதுக்கக்கூடாது. 2009இல் வந்ததிலிருந்து அதைப் போல ஒரு பொக்ஸ் இல்லை என்பேன். முதல் கியர் விகிதம் 4.7, கடைசி 0.67. கிட்டத்தட்ட முதல் கியரிலிருந்தே லொக் ஆகும், அதனால் சூடு குறைவு. 70 என்ற இலக்கமே 700 நியூட்டன் மீட்டரைச் சொல்கிறது.

மூளை பொக்ஸுக்கு உள்ளேயே இருப்பதுதான் சிக்கல். பிஎம்டபிள்யூ எஞ்சின் "இவ்வளவு டோர்க் தருகிறேன்" என்று விநாடிக்குப் பல தரம் சொன்னால்தான் அது ஒழுங்காக மாற்றும். மெக்கானிக்கல் பம்ப் வாயே திறக்காது. வெளியில் வைக்கும் தனி கொன்ட்ரோலர்கள் வந்துவிட்டன. பெடல் சென்சர், பூஸ்ட் சென்சர், ஆர்பிஎம் எல்லாம் கொடுத்து, ரோட்டில் ஓட்டி ஓட்டி டியூன் செய்ய வேண்டும். எனக்கு அது விளையாட்டு. கிழமைக்கு ஒரு தரம் சாமான் ஏற்றுகிறவருக்கு அல்ல. கினிகத்தேனையில் மழையில் நின்றுவிட்டால் அங்கே லப்டொப் கொண்டு வருகிற மெக்கானிக் பாஸ் கிடையாது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு (இழுவையை முன் பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டி) அடப்டர் செய்விப்பது தனிக் கதை.

அதனால், மனமில்லாமல்தான், ஏ442எஃப்.

பதில்: முழங்கால்75

இரண்டு பேருக்கும் நன்றி. அரைப் பெடல் விஷயம் எனக்கு யாருமே சொல்லவில்லை. ஹாஃப் கட்டிலுள்ள பொக்ஸ் நல்லதா என்று ஓட்டாமலே எப்படிப் பார்ப்பது? பூட்டும்போது என்ன கவனிக்க வேண்டும்? மலை இறக்கம் எப்படி இருக்கும்?

பதில்: பழைய கராஜ்

ஒரு வெள்ளை டிஷ்யூ கொண்டு போங்கள். டிப்ஸ்டிக்கிலிருந்து இரண்டு சொட்டு விடுங்கள். சிவப்பு, மங்கின சிவப்பு என்றால் சரி. மண்ணிறம், கருகல் மணம் என்றால் விலையைக் கேட்காமலே வந்துவிடுங்கள். புத்தம் புது ஒயில் பளபளவென்று இருந்தாலும் சந்தேகப்படுங்கள், யாரோ நேற்று மாற்றியிருக்கிறார்கள். பிறகு பொக்ஸின் அடியிலுள்ள ஒயில் பான்-ஐக் கழற்றச் சொல்லுங்கள். காந்தத்தில் சாம்பல் நிறப் பசை சாதாரணம். கறுப்புத் துகள் கிடந்தால் தட்டு போய்விட்டது. கடைக்காரர் முகம் சுளிப்பார், பரவாயில்லை.

பூட்டும்போது கொன்வேட்டருக்குள் கொஞ்சம் ஒயில் ஊற்றி, பொக்ஸுக்குள் தள்ளிச் சுற்றிக்கொண்டே இருங்கள். ஒவ்வொரு படியாக உள்ளே விழுவது கையில் தெரியும். முழுதாக இறங்காமல் போல்ட்டை முறுக்கி எஞ்சினோடு இழுத்தால் உள்ளே பம்ப் உடையும். ஒருமுறை நானே உடைத்திருக்கிறேன், அதனால்தான் இவ்வளவு நீட்டுகிறேன். ரேடியேட்டருக்குள் இருக்கும் பழைய கூலரை நம்பாதீர்கள், பழைய பொக்ஸின் குப்பை அதற்குள் இருக்கும். புதுசு போட்டு, வெளியே காற்றாடியோடு இன்னொன்று. ஒயில் டெக்ஸ்ரன் 3.

கேபிளை பம்ப் பூட்டிய பிறகு சரிபாருங்கள். பெடல் முழுக்க அமத்தி இருக்கும்போது, கேபிளில் உள்ள சின்ன உலோக மணிக்கும் உறையின் முனைக்கும் நடுவில் 0 முதல் 1 மில்லிமீட்டர். அவ்வளவுதான். ஆளைப் பெடலில் இருத்தி, நீங்கள் குனிந்து பாருங்கள்.

இறக்கம்: உங்கள் பழைய முதல் கியர் ஐந்துக்குக் கிட்ட, இதன் முதல் கியர் மூன்றுக்குக் கிட்ட. கொன்வேட்டர் கிளம்பும்போது இழுவையை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கும், ஏற்றத்துக்கு அது போதும். இறக்கத்தில் அந்த உதவி இல்லை. லீவரை 2இல் போட்டு, வேகம் ஏறுவதற்கு முன்பே போட்டு, இறங்குங்கள். லொக்-அப்புக்குக் கையால் போடும் சுவிச் வைத்தால் பிடிப்பு கூடும்.

பதில்: பம்பலப்பிட்டி அக்கா

ஒன்றை மறந்துவிட்டீர்கள் எல்லோரும். எஞ்சின் இலக்கம் மாறினால் பதிவுப் புத்தகத்திலும் மாற்ற வேண்டும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்குப் போகாமல் முடியாது. கடையில் ஒழுங்கான பில் வாங்குங்கள். காப்புறுதிக்காரருக்கும் அறிவியுங்கள். பம்பை ஆசைக்குக் கூட்டினால் வருஷாந்தப் புகைப் பரிசோதனையில் திரும்பிப் போ என்பார்கள். என் தம்பியின் கெப் இரண்டு தரம் போய் வந்தது.

பதில்: மின்சாரக்காரன்

ஜப்பான் 80 என்றால் ஸ்டார்ட்டர் 24 வோல்ட், மற்றதெல்லாம் 12. உங்கள் 75 முழுக்க 12 என்றால் ஸ்டார்ட்டரை மாற்றிவிடுங்கள்.

பதில்: முழங்கால்75

மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். முதல் பொக்ஸில் டிஷ்யூ கறுத்தது, வந்துவிட்டேன். இரண்டாவது கடையில் பான்-ஐக் கழற்ற ஒத்துக்கொண்டார்கள், காந்தத்தில் பசை மட்டும். வாங்கிவிட்டேன். வால்வ் பொடிக்கும் கொன்வேட்டருக்கும் ஓடர் கொடுத்தாயிற்று. 600 என்ற ஆசையை 500க்கு இறக்கிவிட்டேன், அக்கா சொன்ன புகைக்குப் பயந்து.

பழைய ப்ரொப்ஷாஃப்ட் (சக்கர அச்சுக்குப் போகும் தண்டு) பின்னால் நீளமாக நிற்கிறது, முன்னால் எட்டவில்லை. கடைசல் கடையில் கொடுக்க வேண்டும். இப்போதே அளந்து கொடுக்கலாமா, எஞ்சினை மவுண்டில் இருத்திய பிறகா?

பதில்: பழைய கராஜ்

இருத்திய பிறகு. வண்டி தரையில், சாமான் ஏற்றிய பாரத்தோடு அளவுங்கள். தூக்கி வைத்து அளந்தால் திரும்ப வெட்ட வேண்டி வரும்.