விடைத்தாள்ல 'கவனம் தேவை'ன்னு இருக்கு. எதுல கவனம்?

பலகாரக்காரி, காரைக்குடி:

வணக்கம். செக்காலைப் பக்கம் வீட்டுலயே பலகாரம் போட்டு விக்கிறேன். அதிரசம், தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை. கல்யாண ஆர்டர் வந்தா ரெண்டு பேரைச் சேத்துக்குவேன். மக ஏழாவது, மெட்ரிக் பள்ளிக்கூடம். வீட்டுக்காரர் சிங்கப்பூர்ல.

போன வாரம் முதல் பருவக் கணக்குப் பேப்பர் வந்துச்சு. 60-க்கு 27. ஓரத்துல செவப்பு மையில 'கவனம் தேவை'. அதுக்குக் கீழ பெற்றோர் கையொப்பம். நான் மாவு சலிச்சுக்கிட்டு இருந்தேன். கையைத் தொடச்சுட்டுக் கையெழுத்துப் போட்டேன், கூடவே முதுகுல ஒண்ணு வச்சேன் (இப்ப நெனச்சா சங்கடமா இருக்கு). அவ பேப்பரைப் பையில திணிச்சுட்டுப் போயிட்டா. அவங்க அப்பா ஃபோன்ல கேட்டதும் ஒரே கேள்வி: "எத்தனை?"

ராத்திரி தூக்கம் வரல. நான் தொழில் கத்துக்கிட்டது எங்க மாமியார்கிட்ட. மொத தீபாவளிக்கு நான் தட்டுன அதிரசம் எண்ணெயில விட்டதுமே பிரிஞ்சு, சட்டி முழுக்கத் தூளாப் போச்சு. அவங்க "கவனமாச் செய்"னு சொல்லல. "பாகை எளசா எறக்கிட்டே. தண்ணியில ஒரு சொட்டு விட்டுப் பாத்தியா? வெரல்ல உருண்டு வந்துச்சா?"ன்னு கேட்டாங்க. அடுத்த தடவை பயந்துபோய் முத்த விட்டுட்டேன், கடிச்சா பல்லு போகும். மூணாவது ஈடுதான் நின்னுச்சு. அன்னிக்கு "உனக்கு 27"னு மட்டும் சொல்லியிருந்தா இன்னும் தூளைத்தான் அள்ளிக்கிட்டு இருப்பேன்.

நான் பத்தாவது வரைக்கும்தான் படிச்சவ. பேப்பர் வீட்டுக்கு வந்தா கையெழுத்தைத் தவிர பெத்தவங்க என்ன செய்யணும்? பள்ளிக்கூடத்துல போயி என்ன கேக்கணும்? கேட்டவங்க எல்லாரும் டியூஷன் சேத்துவிடுன்னுதான் சொல்றாங்க.

ஓய்வு வாத்தியார், தேவகோட்டை:

மார்க்கை விடும்மா. தப்பாப் போட்ட கணக்குல நாலஞ்சை இங்க எழுது. சரியான விடை வேண்டாம், அவ என்ன எழுதுனாளோ அதை அப்படியே.

பலகாரக்காரி, காரைக்குடி:

இந்தாங்கய்யா.
−7 − (−3) = −10
−5 − (−8) = −13
4 − (−6) = −2
அப்புறம் சரிவகத்தோட பரப்பளவு. 84 வரணும்னு டீச்சர் எழுதியிருக்காங்க, இவ 168 போட்டிருக்கா.

ஓய்வு வாத்தியார், தேவகோட்டை:

மேல இருக்கிற மூணும் மூணு தப்பு இல்லம்மா, ஒரே தப்பு. அடைப்புக்குள்ள இருக்கிற கழித்தலை அவ கண்டுக்கவே இல்ல. 7 கடன்ல இன்னும் 3 கடன், மொத்தம் 10 கடன்னு போட்டிருக்கா. மூணுலயும் அதையே மாறாம செஞ்சிருக்கா பாரு. கவனம் இல்லாத பிள்ளை ஒரு எடத்துல ஒரு மாதிரி, இன்னொரு எடத்துல வேற மாதிரி தப்பு பண்ணும். இவ கவனமாத்தான் தப்பா செஞ்சிருக்கா.

உன்கிட்ட கடன் நோட்டு இருக்கும்ல? அதை எடு. ஒருத்தர் 7 ரூவா பாக்கி, அது −7. அதுல 3 ரூவா பாக்கியை நீ தள்ளிவிட்டா, அதுதான் − (−3). மிச்சம் 4 பாக்கி, −4. இப்ப 5 ரூவா பாக்கிக்காரருக்கு 8 ரூவாயைத் தள்ளுனா? அவருக்கு நாம 3 ரூவா தரணும், விடை 3. நீ சொல்லித் தராதே, அவளையே எழுத விடு.

சரிவகம் வேற சங்கதி. பேப்பரை மூடி வச்சுட்டு அதே கணக்கைத் திரும்பப் போடச் சொல்லு. தானா 84 வந்தா, சூத்திரத்துல வர்ற பாதியைப் போட மறந்த அவசரம். திரும்பவும் 168 வந்தா சூத்திரமே மனசுல பதியல. ரெண்டுக்கும் மருந்து வேற.

எங்க ஐயா பர்மாவுல வட்டிக்கடையில பெட்டியடிப் பையனா, அதாவது கணக்கு எழுதப் பழகுற எடுபிடியா இருந்தவர். ஐந்தொகை (வரவு செலவு எல்லாம் சேத்துப் பாக்கிற கணக்கு) ஒட்டலேன்னா மேலாள் திட்ட மாட்டாராம், சோறும் போட மாட்டாராம். எந்தப் பேரேட்டுல எந்த வரியில விட்டேங்கிறதை இவரே தேடிக் கண்டுபிடிச்சு வரணும். பசியோட தேடுன வரி ஆயுசுக்கும் மறக்கலைம்பார். (சோத்தை நிறுத்துறதை நான் சிபாரிசு பண்ணல.)

ஒரு_அப்பா, புதுவயல்:

எல்லாம் கேக்க நல்லாத்தான் இருக்கு. பத்தாவதுல 35 வரலேன்னா எந்தத் தப்புன்னு யாரும் விசாரிக்க மாட்டான், ஃபெயிலுதான். ரேங்க் பட்டியலை 2017-லயே அரசு நிறுத்திருச்சு, ஆனா பஸ் ஸ்டாண்டுல பிள்ளைங்க படம் போட்ட ஃப்ளெக்ஸ் நின்னுச்சா? உலகம் எண்ணைத்தான் பாக்குது. என் பையனை ஆறாவதுலயே டியூஷன்ல விட்டேன், 90-க்குக் கீழ வந்ததில்ல.

கணக்கு டீச்சர், கோட்டையூர்:

நானும் 'கவனம் தேவை' எழுதுறவதான், ஒத்துக்கறேன். ஒரு செக்‌ஷனுக்கு 43 பிள்ளைங்க, மூணு செக்‌ஷன். பேப்பருக்கு அஞ்சே நிமிஷம்னாலும் பத்தே முக்கால் மணி நேரம். சனி ஞாயிறு போச்சு. நாப்பதாவது பேப்பருக்கு மேல பேனா தானா எழுதுறதுதான் அந்த ரெண்டு வார்த்தை.

2012-13-ல முப்பருவ முறை வந்தப்ப வளரறி மதிப்பீட்டுக்கு (பருவத்துக்கு நடுவுல செய்யற செயல்பாடு, சின்னத் தேர்வு) 40, தொகுத்தறிக்கு (பருவக் கடைசிப் பரீட்சை) 60-னு பிரிச்சாங்க. அந்த 40 எதுக்கு? நடுவழியிலயே பிள்ளை எங்க தடுக்குதுன்னு பாத்துத் திருத்தத்தான். நடக்கிறது என்ன? சார்ட்டு, தெர்மாகோல், ஜிகினா. ராத்திரி பதினோரு மணிக்குப் பெத்தவங்க ஒட்டி அனுப்புறதுக்கு நாங்க 10-க்கு 10 போடுறோம். 40-க்கு 38, 60-க்கு 27-னு நிக்கிற பிள்ளைங்க எத்தனையோ.

பி.எட்.ல படிச்ச ஒண்ணு எனக்கு மறக்கல. ரூத் பட்லர்ங்கிறவங்க 1988-ல வெளியிட்ட ஆய்வு. பிள்ளைங்கள்ல ஒரு பிரிவுக்கு மார்க்கு மட்டும், ஒரு பிரிவுக்குக் குறிப்பு மட்டும், இன்னொரு பிரிவுக்கு ரெண்டும். குறிப்பு மட்டும் வாங்குனவங்கதான் மேல வந்தாங்க. ரெண்டையும் வாங்குனவங்களுக்கு அந்தக் குறிப்பால பிரயோசனமே இல்ல. எண்ணைப் பாத்ததும் மத்தது கண்ணுல படலபோல. அதனால ஸ்லிப் டெஸ்ட்டுல மட்டும் நான் மொத நாள் மார்க்கு போடாமக் குடுக்கறேன். தப்புக்குப் பக்கத்துல ஒரு புள்ளி வைப்பேன், அவ்வளவுதான். திருத்திக் கொண்டுவந்தப்புறம் மார்க்கு. மொத வாரம் வகுப்பே கத்துச்சு, இப்பப் பழகிருச்சு.

பலகாரக்காரம்மா, பெற்றோர் கூட்டத்துக்குப் போனா "எம்புள்ள எப்படிப் படிக்குது?"ன்னு கேக்காதீங்க. "நல்லாப் படிக்கணும்"னுதான் பதில் வரும், நானும் அதைத்தான் சொல்வேன். பேப்பரைக் கையில கொண்டுபோயி, "கழித்தலும் அடைப்பும் சேந்து வந்தா தடுமாறுறா, இதை வகுப்புல ஒரு தடவை திரும்பப் பாக்க முடியுமா?"ன்னு கேளுங்க. அப்படிக் கேட்டா எந்த வாத்தியாரும் நோட்டைத் தொறந்துதான் ஆகணும்.

புதுவயல் சார், உங்க பையன் அந்தப் பத்து மார்க்கை எங்க விடறான்னு பாத்திருக்கீங்களா?

ஒரு_அப்பா, புதுவயல்:

பாத்ததில்ல டீச்சர். பாக்கறேன்.

பலகாரக்காரி, காரைக்குடி:

மூணு வாரம் கழிச்சு எழுதறேன், மன்னிக்கணும். நடுவுல ரெண்டு கல்யாண ஆர்டர்.

மொதல்ல அவகிட்ட அடிச்சதுக்கு மன்னிப்புக் கேட்டேன். "பரவால்லம்மா, மாவு ஒட்டுச்சு, வலிக்கல"ன்னா.

கடன் நோட்டை விரிச்சேன். வாத்தியார் ஐயா சொன்ன 7-ம் 3-ம் ஒடனே புடிபட்டுச்சு. 5 பாக்கிக்கு 8 தள்ளுறதுதான் இழுத்துச்சு. "அப்ப நாம அவங்களுக்குக் கடனா?"ன்னு அவளே கேட்டா. கேட்டதும் அவ முகம் போன போக்கைப் பாக்கணும். சரிவகம் ரெண்டாந் தடவையும் 168-தான் வந்துச்சு. பள்ளிக்கூடத்துக்குப் போயி கோட்டையூர் டீச்சர் சொன்ன மாதிரியே கேட்டேன். மொதல்ல முகத்தைச் சுளிச்சாங்க, அப்புறம் பேப்பரை வாங்கிப் பாத்தாங்க. மறுநாள் ஒரு சரிவகத்தை மூலைக்கு மூலை வெட்டி ரெண்டு முக்கோணமாக் காட்டுனாங்களாம், பாதி எங்கேருந்து வருதுன்னு இப்பச் சொல்றா. அவங்க அப்பாகிட்டயும் பேசிட்டேன். இப்ப "எத்தனை?"ன்னு கேக்கறதில்ல, "எங்க?"ன்னு கேக்கறார். கேட்டுட்டு அடுத்த மூச்சுல எத்தனைன்னும் கேட்டுடறார்.

நேத்து ராத்திரி என் நோட்டைப் புரட்டிக்கிட்டே இருந்தவ, பள்ளத்தூர் ஆர்டர்ல ரெண்டு கிலோ மணகோலத்துக்கு வந்த காசை நான் ரெண்டு தடவை கழிச்சு வச்சிருக்கேன்னு காட்டுனா. பாத்தா நெசந்தான். செவப்புப் பேனாவை எடுத்து அந்த வரிக்குப் பக்கத்துல ஒரு புள்ளி வச்சு, "திருத்திட்டுக் கையெழுத்துப் போடும்மா"ன்னு நோட்டை நீட்டுறா.