கேமரா படத்தை நேட்டிவ் கோடில் கிரேஸ்கேல் ஆக்கினால் படம் சாய்கிறது, கிராஷும் ஆகிறது

குலசேகரம்:
ரப்பர் ஷீட்டில் குமிழும் பூஞ்சைப் புள்ளியும் எத்தனை என்று போனில் எண்ணும் ஆப். ஆண்ட்ராய்டின் கேமரா2, ஒய்யூவி 420 888 வடிவம் (ஒய் வெளிச்சம், யூவும் வியும் நிறம், ஒவ்வொன்றும் தனி பிளேன்), 720×480. சி பிளஸ் பிளஸ்ஸில் ஆர்ஜிபி ஆக்கி, 0.299, 0.587, 0.114 பெருக்கி கிரே எடுக்கிறேன். ஒரு போனில் சரி. இன்னொன்றில் படம் சாய்ந்து கோடுகோடாக வருகிறது, சில நேரம் கிராஷ். வேகமும் இல்லை. எங்கே தப்பு?

தக்கலை:
ஆர்ஜிபி வேலையையே முதல்ல தூக்கிப் போடுங்க. ஒய் பிளேன்தான் கிரேஸ்கேல். கேமரா தந்ததை ஆர்ஜிபி ஆக்கி, திரும்ப அதே ஒய்யைக் கணக்குப் போட்டு எடுக்கிறீங்க. வேகம் போனது அங்கேதான்.

சாய்வுக்குக் காரணம் ரோ ஸ்ட்ரைட், அதாவது மெமரியில் ஒரு வரிசையின் தொடக்கத்திலிருந்து அடுத்த வரிசையின் தொடக்கம் வரை எத்தனை பைட் என்பது. அந்த போனில் அதை லாக்கில் அச்சடிச்சுப் பாருங்க. 768 என்று வந்தால், ஒவ்வொரு வரிசைக்கும் பின்னால 48 பைட் வெறும் பேடிங், படம் இல்லாத இடம். அகலத்தையே ஸ்ட்ரைடாக எடுத்தால் வரிசைக்கு 48 பிக்சல் விலகிக்கிட்டே போகும். வரிசை வரிசையா காப்பி பண்ணுங்க: மூலம் 768 நகரணும், உங்க பஃபர் 720.

குலசேகரம்:
சாய்வு போயிற்று அண்ணே. கிராஷ் போகவில்லை. மெம்காப்பியில் (மெமரியைக் காப்பி பண்ணும் பங்ஷன்) வரிசைக்கு 768 பைட் கொடுத்திருக்கிறேன்.

நாகர்கோவில்:
அதுதான். கடைசி வரிசைக்குப் பேடிங் இருக்கும்னு உறுதி இல்லை. பஃபர் 768×479+720, அதாவது 368592 பைட்டோடு முடியலாம்; நீங்க 368640 வரை படிக்கிறீங்க. அந்த 48 பைட்டில்தான் விழுது. உங்க பஃபரும் 720 கணக்குதானே, அதுக்கு வெளியேயும் எழுதுறீங்க. காப்பி அளவு எப்பவும் 720.

கேமரா தந்த இமேஜை குளோஸ் பண்ணின பிறகு அதோட பஃபர் பாயிண்டரைத் தொடக்கூடாது. குளோஸ் பண்ணாம விட்டாலோ, மேக்ஸ்இமேஜஸ் (ஒரே நேரத்தில் எத்தனை இமேஜ் திறந்து வைக்கலாம் என்ற அளவு) நிரம்பி பிரேம் வருவது நின்னுடும்.

பிக்சலை ஜேபைட்டில் வாங்காதீங்க, அது சைன்டு, -128 முதல் 127 வரைதான் பிடிக்கும். வெளுத்த பூஞ்சைப் புள்ளி 200 என்றால் -56 ஆகி, திரெஷோல்டில் (கறுப்பு, வெள்ளை என்று பிரிக்கிற எல்லை) கறுப்புப் பக்கம் போயிடும். அன்சைன்டு 8 பிட் எடுங்க.

குலசேகரம்:
720 ஆக்கியதும் கிராஷ் இல்லை. கேலரியில் இருக்கிற பழைய படங்களுக்கு?

தக்கலை:
கேலரிப் படம் ஆர்ஜிபி பிட்மேப்பாகத்தான் திறக்கும், அதில் ஒய் கிடையாது, அங்கே பெருக்கித்தான் ஆகணும். முழு எண்ணிலேயே முடிச்சிடலாம்: ஆர் 77, ஜி 150, பி 29, கூட்டி 8 பிட் வலப்பக்கம் தள்ளுங்க. மூணும் சேர்ந்து 256, அதனால வெள்ளை 255-லயே நிற்கும். ஆர்ஜிபிஏ 8888-இல் மெமரி வரிசை ஆர், ஜி, பி, ஏ. ஜாவா ஏஆர்ஜிபி நினைப்பில் எழுதினால் எடை மாறிடும். இங்கேயும் ஸ்ட்ரைட் பாருங்க.

நாகர்கோவில்:
ஒண்ணு சொல்லணும். குமிழுக்கும் புள்ளிக்கும் கிரே போதும். புகை கூடிக் கறுத்த ஷீட்டையும் வெளிச்சம் குறைஞ்ச ஷீட்டையும் கிரேயில் பிரிக்க முடியாது. தரம் பிரிக்கணும்னா யூ, வி வேணும். அது 360×240, பிக்சல் ஸ்ட்ரைட் (ஒரு பிக்சலிலிருந்து அடுத்ததுக்கு எத்தனை பைட் நகரணும் என்பது) 1 ஆகவும் வரும், 2 ஆகவும் வரும். கேட்டுத்தான் படிக்கணும்.