புதுப்பிப்பு: மலை இறக்கத்தில் பின் பிரேக் அமுங்கிப்போன சிக்கல் தீர்ந்தது

பைக்கில் செங்குத்தான மலை இறக்கத்தில் பாதி வந்ததும் பின் டிஸ்க் பிரேக் மிதி தொளதொளவென்று அமுங்குகிறது, ஆறினால் சரியாகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

பேட் (டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் கட்டை) மாற்றியதில் பலனில்லை. பிரேக் ஆயிலை மாற்றச் சொன்ன யோசனைதான் வேலை செய்தது. டாட் 4 என்ற தரத்து பிரேக் ஆயிலின் கொதிநிலை புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரத்தை இழுத்துக்கொண்டால் 155 வரை இறங்கலாம். அப்புறம் சூட்டில் ஆவிக்குமிழி உண்டாகும், மிதி அமுங்கும். புது ஆயில் ஊற்றி, பிளீடரில் (காற்றை வெளியேற்றும் திருகில்) குமிழி நிற்கும்வரை காற்றெடுத்தேன். எப்போதோ திறந்த பாட்டிலில் மிச்சமிருப்பதை ஊற்ற வேண்டாம். அதுவும் ஈரம் இழுத்திருக்கும்.

எதிர்பாராத விஷயம்: காலிபரின் (பேட்களைத் தாங்கும் பாகத்தின்) ஸ்லைடு பின், அதாவது அது நகர்ந்து கொடுக்க உதவும் கம்பி, துருப்பிடித்து இறுகியிருந்தது. மிதியை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டே இருந்திருக்கிறது. அவ்வளவு சூடு ஏறியதற்கு மூலம் இதுதான். ஆக, மிதி அமுங்கியதற்குப் பழைய ஆயில் மட்டும் காரணமல்ல. சுத்தம் செய்து சிலிகான் கிரீஸ் தடவியதும் சக்கரம் தடையின்றிச் சுற்றுகிறது.

ஏறிய கியரிலேயே இறங்கச் சொன்னதும் உதவியது. கொண்டை ஊசி வளைவுக்கு முன்பே இரண்டாவதோ முதலாவதோ போட்டுவிட வேண்டும். கிளட்சைப் பிடித்தபடி உருட்டினால் இன்ஜின் வேகத்தை அடக்காது, மொத்தப் பாரமும் பிரேக்கில்தான் விழும்.