காது மிஷின்ல போன் பேசுறவங்க வாங்க: எனக்குக் கேட்குது, எதிராளிக்குத்தான் கேட்கல

களக்காட்டு வாழைக்காரன்:

வயது 52. ரெண்டு காதும் மந்தம், எட்டு வருஷமாக மிஷின் போடுகிறேன். பழைய மிஷினில் போனைக் காதுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாலே கீச்சென்று கத்தும். அதனால் போன் வந்தால் மிஷினைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, ஸ்பீக்கரை முழுசாகத் திறந்து வைத்துத்தான் பேசுவேன். ஏத்தன் (நேந்திரன்) வாழைத்தார் என்ன விலைக்குக் கொடுக்கிறேன் என்பது டீக்கடையில் உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரிந்துவிடும், வியாபாரத்துக்கு அது ஆகாது.

போன பங்குனியில் புது ஜோடி வாங்கினேன், ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. போனில் வருகிற பேச்சு நேராக ரெண்டு காதுக்குள்ளும் இறங்குகிறது. மகள் சிரிக்கும்போது கடைசியில் லேசாக மூச்சு வாங்குவாள் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். கையில் போனைப் பிடிக்கவே வேண்டாம் என்று கடையில் சொன்னார்கள், நானும் பிடிக்கவில்லை. அங்கேதான் வினை.

ஆடி மாசம், ஓணத்துக்கு முந்திய ஏற்றம். தோட்டத்தில் தார் எண்ணிக்கொண்டே தென்காசி மண்டிக்காரரிடம் விலை பேசுகிறேன். அவர் பேசுவது எனக்குத் தெளிவாகக் கேட்கிறது. அவரோ, "அண்ணாச்சி, கிணத்துக்குள்ள இருந்தா பேசுதீய?" என்கிறார். நான் சத்தத்தைக் கூட்டினேன். கிலோ நாற்பத்தாறு என்று சொன்னேன், சரி சரி என்றார். பணம் வந்தபோது பார்த்தால் நாற்பது கணக்கு. என் 'ஆறு' போய்ச் சேரவே இல்லை. ரெண்டு டன் சரக்கு, பன்னிரண்டாயிரம் ரூபாய். ஒரு வாரம் சண்டை.

அப்புறம்தான் விசாரித்துத் தெரிந்துகொண்டேன்: என் மிஷினும் என் ஆண்ட்ராய்டு போனும் சேர்கிற முறையில், சத்தம் போனிலிருந்து காதுக்கு வரும், அவ்வளவுதான். நான் பேசுவதை எடுப்பது போனில் இருக்கிற மைக். போன் எங்கே இருந்தது தெரியுமா? சாரத்துக்குள்ளே, அதாவது கைலிக்குள்ளே, பட்டாபட்டி டிரவுசர் பையில். ஆக, காதால் கேட்டு டிரவுசரால் வியாபாரம் பேசியிருக்கிறேன்.

உங்களுக்கெல்லாம் எப்படி? வாங்குவதற்கு முன்னால் இதைக் கேட்டுத் தெரிந்துகொண்டவர் யாராவது உண்டா?

வண்ணார்பேட்டை, டெலிபோன் இலாகாவில் இருந்து ரிட்டயர்டு:

அண்ணாச்சி, சிரித்து முடிக்க நேரமாகிவிட்டது, மன்னிக்கணும். நான் முப்பது வருஷம் போனோடு குப்பை கொட்டியவன், கடைசியில் எனக்கே காது போனது. பழைய கறுப்பு போனை நினைத்துப் பாருங்கள், மேலே கேட்கிற குழி, கீழே பேசுகிற குழி. வாய் எங்கே வைக்கணும் என்று யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. இப்போது காது ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் என்று பிரிந்துவிட்டது.

உங்களுடைய முறைக்கு 'ஆஷா' என்று பெயர். கூகுள் 2018-ல் அறிவித்தது, அடுத்த வருஷம் ஆண்ட்ராய்டு 10-ல் வந்தது. பெயர் நல்ல பெயர்தான், ஆனால் ஒருவழிப் பாதை. ஐபோனிலும் முதலில் இதே கதைதான். ஐபோன் 11-லும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும், ஐஓஎஸ் 15.2 அல்லது அதற்கு மேலே இருந்து, மிஷினும் அதற்கு ஏற்றதாக இருந்தால் மிஷினில் உள்ள மைக்கே நம் பேச்சை எடுத்துக்கொள்ளும். இன்னொரு வகை மிஷின், சாதாரண புளூடூத் ஹெட்செட் மாதிரியே புளூடூத் உள்ள எந்த போனோடும் சேரும், பட்டன் போனாக இருந்தாலும் சரி. புதுசாக வருவது எல்இ ஆடியோ என்கிற புளூடூத் முறை, ஆண்ட்ராய்டு 13-லிருந்து உண்டு, ஆனால் போன், மிஷின் ரெண்டிலும் அந்த வசதி இருக்கணும். கடைக்காரரிடம் 'புளூடூத் இருக்கா' என்று கேட்டால் எல்லாவற்றுக்கும் 'இருக்கு' என்றுதான் பதில் வரும். 'என் குரலை எது எடுக்கும், போனா மிஷினா' என்று கேளுங்கள், என் போனை வைத்தே ஒருதரம் பேசிக் காட்டச் சொல்லுங்கள்.

பாளையங்கோட்டை டீச்சர்:

நான் அந்த இரண்டாவது வகை, ஐபோன். மிஷினே பேச்சை எடுக்கும், போன் அடுத்த அறையில் சார்ஜில் கிடந்தாலும் கவலையில்லை. ஆனால் இதில் வேறு கூத்து. மிஷினின் மைக் இருப்பது காதுக்குப் பின்னால், வாய்க்குப் பக்கத்தில் இல்லை. அதனால் என் குரலோடு வீட்டில் உள்ள சத்தமெல்லாம் சேர்ந்து போகிறது. சென்னையில் இருக்கிற மகன், "அம்மா, குக்கர் என் காதுக்குள்ள விசில் அடிக்குது, அடுப்ப அணைச்சிட்டுப் பேசுங்க" என்கிறான். பாத்திரம் கழுவிக்கொண்டே பேசினால் அவனுக்குக் குற்றாலத்தில் நின்று பேசுவது போல இருக்குமாம். எனக்கோ தண்ணீர்ச் சத்தமே பெரிதாகத் தெரியாது, பேசும்போது மிஷின் வெளிச்சத்தத்தைக் குறைத்துவிடும். அதனால்தான் தெருவில் நடக்கும்போது அழைப்பை எடுப்பதை விட்டுவிட்டேன். முருகன்குறிச்சியில் ஒருநாள் பின்னால் வந்த ஆட்டோ எனக்குத் தெரியவே இல்லை.

ஒரு சின்ன விஷயம். அழைப்பு சில சமயம் மிஷினுக்கு வராமல் போனிலேயே நின்றுவிட்டால், செட்டிங்ஸில் ஆக்சஸிபிலிட்டிக்குள் ஹியரிங் டிவைசஸ், அதில் ஆடியோ ரூட்டிங் என்று இருக்கும். அங்கே அழைப்பை எப்போதும் மிஷினுக்கே அனுப்பு என்று வைக்கலாம். எனக்கு இதைச் சொல்லித் தந்தது ஒன்பதாம் வகுப்புப் பையன்.

பணகுடிக்காரன்:

எங்க ஊர்க் காற்றைச் சொல்லாமல் விட்டுட்டீங்களே. ஆனி ஆடியில் காற்றாலைக்குக் கீழே நின்று மிஷின் மைக்கில் பேசிப் பாருங்க. எதிராளிக்கு லாரி போவது மாதிரித்தான் கேட்கும். வேலை நேரத்தில் நான் மதிலுக்கு மறைவாகப் போய் நின்றுதான் பேசுகிறேன். கை தொடாமல் பேசலாம் என்று வாங்கினேன், இப்போது கையைக் காதுக்குப் பின்னால் குவித்துக்கொண்டு நிற்கிறேன்.

இன்னொன்று, என் மிஷினில் காதை இரண்டு தட்டு தட்டினால் அழைப்பை எடுக்கும். ஹெல்மெட் கழற்றும்போது தானாகவே எடுத்துவிடுகிறது. மச்சான் அழைக்கிற நேரம் பார்த்து நான் அவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். அதற்குமேல் எழுத வேண்டாம்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து பேத்தி:

எங்க ஆச்சிக்காக எழுதுகிறேன். 81 வயது, பழைய வகை மிஷின், புளூடூத் எல்லாம் கிடையாது, பட்டன் போன். லட்சம் கொடுக்க எங்களால் முடியாது. ஆச்சி எல்லோரையும் போல போனைக் காதுத் துளைக்கு நேராக வைத்துப் பேசுவாள், ஒன்றும் கேட்காது, கூவும். போனைக் கொஞ்சம் மேலே, காதுக்குப் பின்னால் மிஷினின் மைக் இருக்கிற இடத்துக்குப் பக்கத்தில், ஒட்டாமல் சாய்த்துப் பிடிக்கச் சொன்னேன். கேட்டது! "இவ்வளவு நாளா நான் தப்பான காதுல வச்சிருக்கேன் பாரு" என்றாள். அப்பளம் உருட்டும்போது மட்டும் போனை ஸ்பீக்கரில் போட்டு உரல் மேல் வைத்துவிடுவோம், அவளுக்கு அதுதான் கை தொடாத போன்.

வண்ணார்பேட்டை ரிட்டயர்டு:

பேத்தி, ஆச்சி மிஷினில் 'டி' என்று ஒரு நிலை இருக்கிறதா பாரும்மா. அந்தக் காலத்து ரிசீவரின் காந்த அலையை மிஷினுக்குள் இருக்கிற சுருள் பிடித்துக்கொள்ளும், வெளிச்சத்தம் வராது, கூவாது. நல்ல லேண்ட்லைன் போனில் இன்னும் வேலை செய்யும்.

களக்காட்டு வாழைக்காரன்:

எல்லோருக்கும் நன்றி. மிஷினை மாற்றப் பணமில்லை, அதனால் போனின் இடத்தை மாற்றிவிட்டேன். மகளின் பழைய காலேஜ் அடையாள அட்டைக் கயிற்றில் போனைக் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருக்கிறேன், மைக் இருக்கிற அடிப்பக்கம் மேலே வரும்படி தலைகீழாக. வீட்டில், "மாட்டுக்கு மணி கட்டுன மாதிரி இருக்கு" என்கிறாள். பேட்டரிக்கும் செலவு கூடிவிட்டது. பழுப்பு ஸ்டிக்கர் 312 முன்னே ஒரு வாரம் வரும், சரக்கு ஏற்றுகிற காலத்தில் நாள் முழுக்கப் பேசினால் நாலே நாள். பேச்சு நடுவில் 'டிங் டிங்' என்று எச்சரித்துவிட்டு நின்றுவிடும், அதனால் ஒரு பேட்டரி அட்டை எப்போதும் பையில்.

மண்டிக்காரருக்கு இப்போது நன்றாகவே கேட்கிறதாம். ஆனாலும் விலை பேசி முடித்ததும், "அண்ணாச்சி, அதை வாட்ஸ்அப்ல எழுதிப் போட்டிருங்க" என்கிறார். போட்டுவிடுகிறேன், எண்ணிலும் எழுத்திலும்.