மறு: ரசிகர் அடிதடிக்கு என்ன சொல் வைக்கலாம்?

குழுவுல எல்லாருக்கும் வணக்கம்,

ரெண்டு நாளா மடல் போட முடியல, இன்னைக்குத்தான் இந்த இழை முழுசையும் உக்காந்து படிச்சேன். உடற்கல்வி மாணவர்களுக்கான தமிழ்ச் சொற்பட்டியல்ல ரசிகர் அடிதடிக்கு ஒரே ஒரு வரி, அதுக்கு இத்தனை மடலான்னு ஒருத்தர் கேட்டிருந்தார். இந்த ஒரு வரியில தப்பா ஒரு சொல்லை வச்சா செத்தவங்க தலையிலயே பழி விழும், அது நடந்தும் இருக்கு, அதைச் சொல்லத்தான் எழுதுறேன், நீளமாப் போகும், பொறுத்துக்கங்க.

> "விளையாட்டு வன்முறை"ன்னே வச்சிடலாமே, எல்லாத்துக்கும் பொருந்துமே

எல்லாத்துக்கும் பொருந்துறதுதான் அக்கா பிரச்சினையே. "விளையாட்டாச் செஞ்சேன்"னு பேசற மொழியில விளையாட்டு வன்முறைன்னா சும்மா செல்லமா அடிச்ச மாதிரி கேக்குது, சரி அது பழகிடும்னே வைங்க. ஆனா யார் யாரை அடிச்சாங்கங்கறது அந்தச் சொல்லுல எங்கயுமே இல்லையே.

ஆட்டக்காரங்க பண்றதை எடுத்துக்கங்க. கால்பந்து விதியிலயே இதை ரெண்டாப் பிரிச்சிருக்காங்க, பந்துக்கு மோதும்போது எதிராளி கால் போற மாதிரி பாயறது ஒண்ணு, பந்துக்குச் சம்பந்தமே இல்லாம அடிக்கறது இன்னொண்ணு, ரெண்டுக்கும் ரெட் கார்டுதான் ஆனா குற்றம் வேற. 2006 உலகக் கோப்பை பைனல், பெர்லின், 110வது நிமிஷம், பிரான்ஸ் ஆட்டக்காரர் ஜிடேன் இத்தாலி ஆட்டக்காரர் மேட்டராஸி நெஞ்சுல தலையால முட்டினப்போ பந்து வேற எங்கயோ கிடந்துச்சு. முதல் வகைக்கு "முரட்டாட்டம்" போதும், அது ஏற்கெனவே வாயில இருக்கற சொல்தான், ரெண்டாவதுக்கு "களத்தாக்குதல்" வைக்கலாம். இந்த இழையில ஐயா சொன்ன "தப்பாட்டம்" மட்டும் வேண்டாம்ங்க, அது பறை அடிச்சு ஆடற கலையோட பேரு, அதைக் கொண்டுபோய் குற்றத்துக்கு வைக்கறது எனக்கு மனசு ஒப்பல.

> ஹூலிகனிசம் = ரசிகர் வெறி

இதுலதான் எனக்குப் பெரிய மறுப்பு. ஹூலிகன்ங்கற சொல் 1898 வாக்குல லண்டன் பத்திரிகைகள்ல போலீஸ் கோர்ட் செய்தியில வந்தது, தெருவுல வம்பு பண்ற பசங்களைச் சொன்ன சொல், விளையாட்டுக்கே சம்பந்தமில்ல. கால்பந்துக்கு அது பின்னாடிதான் ஒட்டிக்கிச்சு. வெறின்னா என்னங்க, தோத்த ஆத்திரத்துல கண்ணு மண்ணு தெரியாமப் பண்றது. இங்கிலாந்துல 70கள், 80கள்ல நடந்தது அப்படி இல்லையே, லண்டன் கால்பந்து கிளப் வெஸ்ட் ஹாமோட ரசிகர்கள் ஒரு கும்பலுக்கு இன்டர் சிட்டி ஃபர்ம்னு பேரு வச்சிருந்தாங்க, ரசிகர் ஸ்பெஷல் ரயில்ல போனா போலீஸ் கூடவே வருதுன்னு சாதாரண இன்டர்சிட்டி ரயில்ல ஏறிப் போவாங்க, கிளப் துண்டு பனியன் எதுவும் போடாம நல்ல விலை உயர்ந்த உடுப்பு போட்டுக்குவாங்க, அடி வாங்கிக் கிடக்கறவன் மேல விசிட்டிங் கார்டு மாதிரி அச்சடிச்ச அட்டையை வச்சுட்டு வருவாங்க. அட்டை அடிக்க பிரஸ்ஸுக்குப் போனவனை வெறியில பண்ணினான்னு எப்படி எழுதறது? இது திட்டம் போட்டுப் பண்ற காலித்தனம். அதனால "ரசிகக் காலித்தனம்"னு சொல்றேன். காலின்னா காலியிடமும்தானே, மாடும்தானேன்னு கேப்பீங்க, இருந்தாலும் "காலிப்பய"ன்னா நம்ம ஊர்ல யாருக்கும் சந்தேகம் வராது. "கட்சிக் காலித்தனம்"னு ஒண்ணும் யோசிச்சேன், பைசாந்தியத்துல, அதாவது கிழக்கு ரோமப் பேரரசுல, 532ல தேரோட்டப் பந்தய நீலக் கட்சி, பச்சைக் கட்சி சேர்ந்து ஊரையே கொளுத்தினதுக்கு அது ரொம்பப் பொருந்தும், ஆனா நம்ம ஊர்ல கட்சின்னா நினைப்பு வேற எங்கயோ போயிடும்.

சட்டென்று கிளம்பறது தனி. 1996 கிரிக்கெட் உலகக் கோப்பை, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ் அரையிறுதி, இலங்கையோட 251ஐத் துரத்தின இந்தியாவுக்கு 120க்கு 8 விழுந்ததும் பாட்டில் பறந்துச்சு, கேலரியில தீ வச்சாங்க, மேட்ச் ரெஃப்ரி கிளைவ் லாய்ட் ஆட்டத்தை இலங்கைக்குக் குடுத்துட்டார். அங்க கும்பலும் இல்ல, திட்டமும் இல்ல. அதுக்கு "கேலரிக் கலவரம்". அதே மைதானத்துல 1980 ஆகஸ்ட் 16, மோகன் பகான் ஈஸ்ட் பெங்கால் கால்பந்து ஆட்டத்துல ரெண்டு ஆட்டக்காரங்க முட்டிக்கிட்டது கேலரிக்குத் தாவி 16 பேர் செத்தாங்க, முரட்டாட்டம் எப்படிக் கலவரமா மாறுதுன்னு மாணவனுக்கு அந்த ஒரு சம்பவத்தை வச்சே சொல்லிடலாம்.

இப்ப நான் சொல்ல வந்த விஷயம். பட்டியல்ல "வன்முறைச் சாவுகள்" தலைப்புக்குக் கீழ பெல்ஜியத்து ஹெய்சல் அரங்கமும் இங்கிலாந்து ஹில்ஸ்பரோ அரங்கமும் அடுத்தடுத்து இருக்கு. ஹெய்சல் சரி, 1985 மே 29, லிவர்பூல் ரசிகர்கள் தடுப்பை ஒடிச்சு ஓடிவந்ததுல எதிர்ப்பக்கம் இருந்தவங்க சுவரோட நசுங்கி, சுவர் சரிஞ்சு 39 பேர் செத்தாங்க. ஹில்ஸ்பரோ அப்படி இல்ல. 1989 ஏப்ரல் 15, வாசல்ல கூட்டம் சேர்ந்ததும் போலீஸே பெரிய கேட்டைத் திறந்து விட்டுச்சு, உள்ள வந்தவங்க பெரும்பாலும் ஏற்கெனவே நிரம்பியிருந்த நடு அடைப்புக்குள்ள போனாங்க, முன்னாடி இரும்பு வேலி. காலிகள் களத்துல குதிக்கக் கூடாதுன்னு போட்ட வேலிங்க அது. கைய அசைக்க இடமில்லாம, நின்ன வாக்குலயே மூச்சு முட்டி, மொத்தம் 97 பேர். அன்னைக்கே போலீஸ் அதிகாரி ரசிகர்கள்தான் கேட்டை உடைச்சாங்கன்னு சொன்னார், காலிகள்னு ஒரு சொல் தயாரா இருந்ததால ஊரே நம்பிடுச்சு. ரசிகர்கள் மேல தப்பே இல்ல, சட்டவிரோதமாக் கொல்லப்பட்டாங்கன்னு ஜூரி சொல்றதுக்கு 2016 ஆச்சு. 27 வருஷம் பெத்தவங்க அந்தச் சொல்லோட சண்டை போட்டிருக்காங்க.

இது எனக்குத் தூரத்து விஷயம் இல்ல. எங்க பக்கம் ஒரு செவன்ஸ் (அணிக்கு ஏழு பேர் ஆடற கால்பந்து) டோர்னமென்ட்ல லைன் அம்பயரா நின்னேன், கொடியைத் தூக்கினேன், பின்னாடியிருந்து முதல்ல ஒரு செருப்பு, அப்புறம் கல்லு, புருவத்துக்கு மேல நாலு தையல், கையில பிடிச்சிருந்த மஞ்சக் கொடியை வச்சே ரத்தத்தை அமுக்கிட்டு உக்காந்திருந்தேன். மறுநாள் பேப்பர்ல "இரு தரப்பு மோதல்"னு போட்டிருந்தாங்க. நான் எந்தத் தரப்புங்க?

2022 அக்டோபர் 1, இந்தோனேசியாவுல கஞ்சுருகான் அரங்கத்துலயும் இதேதான், உள்ளூர் அணி அரேமா 3-2ன்னு தோத்ததும் கொஞ்ச பேர் களத்துல இறங்கினாங்க, போலீஸ் கேலரியைப் பார்த்தே கண்ணீர்ப்புகை சுட்டுச்சு, வாசலுக்கு ஓடினவங்க நெரிஞ்சு 135 பேர் செத்தாங்க. எதிரணி ரசிகர்களுக்கு அன்னைக்கு டிக்கெட்டே குடுக்கல. அரங்கத்துக்குள்ள அந்தப் புகை கூடவே கூடாதுன்னு ஃபிஃபா விதியே இருக்கு. 1964ல பெரு நாட்டு லிமாவுலயும் கண்ணீர்ப்புகை, மூடின கதவு, 328 சாவு. இதையெல்லாம் ரசிகர் வன்முறைன்னு எழுதினா சுட்டவன் தப்பிச்சுக்குவான்.

நல்லவேளை தமிழ்ல "நெரிசல்"னு சரியான சொல்லே இருக்கு. இங்கிலீஷ்காரங்க மாடு மிரண்டு ஓடறதுக்கான "ஸ்டாம்பீட்"ங்கற சொல்லை வச்சுக்கிட்டு இன்னைக்கும் வாதாடறாங்க, நெரிசல்ல யாரும் மிரள வேண்டாம், மிதிக்க வேண்டாம், இடம் இல்லாமப் போனாப் போதும். அதனால "நெரிசல் சாவு", பக்கத்துல "மிதிபட்டு"ன்னு விளக்கம் போட்டிருக்கறதை எடுத்துடுங்க.

தடுப்புப் பகுதிக்கு ரெண்டு சொல். ஹில்ஸ்பரோவை விசாரிச்ச டெய்லர் அறிக்கைக்கு அப்புறம் இங்கிலாந்துல பெரிய அரங்கங்கள்ல வேலியை எடுத்துட்டு எல்லாருக்கும் நாற்காலி போட்டாங்க, அதுக்கு "முழு இருக்கை அரங்கம்". காலித்தனம் பண்ணினவனைக் கோர்ட்டே மைதானத்துப் பக்கம் வராதேன்னு சொல்றது, வெளிநாட்டு ஆட்டம்னா பாஸ்போர்ட்டையும் போலீஸ்கிட்ட ஒப்படைக்கணும், அதுக்கு "ஆட்டத் தடையாணை".

கேலரியை "பார்வையாளர் மாடம்"னு மாத்தணும்னா மாத்துங்க, நான் சண்டைக்கு வரல. நெரிசல் சாவை மட்டும் வன்முறை அத்தியாயத்துல இருந்து எடுத்து அரங்கப் பாதுகாப்பு அத்தியாயத்துல சேருங்க, ஹில்ஸ்பரோவும் கஞ்சுருகானும் லிமாவும் அங்கதான் வரணும், ஞாயித்துக்கிழமை பட்டியல் அச்சுக்குப் போறதுக்குள்ள யாராவது இதை ஆமோதிச்சு ஒரு வரி போடுங்க.