டிஸ்ட்ராக்டர்: திசைதிருப்பியா, மயங்குவிடையா?

வணக்கம்.

பல்தேர்வு வினாவில் சரியான விடை போக மீதித் தெரிவுகளுக்கு டிஸ்ட்ராக்டர் என்று பெயர். தமிழில் 'திசைதிருப்பி' என்று எழுதுகிறார்கள். எனக்கு ஒப்பவில்லை. தேர்வு நடக்கும்போது வெளியே ஒலிபெருக்கி அலறினால் அதுதான் திசைதிருப்பி. 'தவறான விடை' என்பதும் போதாது. ஒரு வினா:

திட்டவிலக்கம் 12, மாதிரியின் அளவு 36. சராசரியின் திட்டப்பிழை எவ்வளவு?

திட்டவிலக்கத்தை மாதிரி அளவின் வர்க்கமூலமான 6-ஆல் வகுக்க வேண்டும்; விடை 2. மற்றவை 12, 0.33, 72. வகுக்கவே மறந்தவர் 12-ஐத் தொடுவார். வர்க்கமூலம் எடுக்காமல் 36-ஆல் வகுத்தவருக்கு 0.33, வகுப்பதற்குப் பதில் 6-ஆல் பெருக்கியவருக்கு 72. மூன்றுக்குப் பின்னாலும் ஒவ்வொரு மயக்கம் இருக்கிறது. 72-க்குப் பதில் 5 என்று போட்டால் அது வெறும் தவறான விடை. அதைத் தேர்ந்தவர் எங்கே சறுக்கினார் என்று ஆசிரியருக்குத் தெரியாது.

ஆகவே 'மயங்குவிடை'. மயங்கொலி எல்லாரும் பள்ளியில் படித்த சொல்தானே, அதே வார்ப்பு.

> ஆகவே 'மயங்குவிடை'.

மயங்குபவர் மாணவர், விடை அல்லவே? 'மயக்குவிடை' பொருந்தாதா?

> 'மயக்குவிடை' பொருந்தாதா?

மயங்கொலியிலும் மயங்குபவர் கேட்பவர்தான். தவிர, 'மயக்கு' என்றதும் ஆசிரியர் வலை விரிக்கிறார் என்ற வாடை வருகிறது.

> ஆசிரியர் வலை விரிக்கிறார் என்ற வாடை வருகிறது.

சரி, மயங்குவிடைக்கே என் வாக்கும். மூடில் (Moodle) என்ற இணையவழிக் கற்றல் தளத்தில் ஒவ்வொரு தெரிவுக்கும் தனிப் பின்னூட்டப் பெட்டி உண்டு. 0.33-க்கு "36-இன் வர்க்கமூலத்தை எடுத்தீர்களா?" என்று அங்கே எழுதலாம். "தவறு" என்று மட்டும் எழுதினால் பெட்டி இருந்தும் பயனில்லை. பின்னூட்டத்தில் "இரண்டாம் விடை ஏன் தவறென்றால்" என்று எழுதிவிடாதீர்கள். தெரிவுகள் கலைந்து வரும்போது இரண்டாவது வேறொன்றாகிவிடும். 'மேற்கண்ட அனைத்தும்' என்ற தெரிவுக்கும் இதே கதி.

தேர்வு முடிந்ததும் மதிப்பெண்ணில் மேல் 27%, கீழ் 27% மாணவர்களைப் பிரித்து யார் எதைத் தேர்ந்தார்கள் என்று எண்ணுங்கள். மயங்குவிடை கீழ்க்குழுவை அதிகம் இழுக்க வேண்டும். மேல்குழு அதிகம் போயிருந்தால் முதலில் விடைக்குறிப்பைச் சரிபாருங்கள்; பல நேரம் பிழை அங்கேதான்.

5%-க்கும் குறைவானவர்களே தொட்ட தெரிவை என்ன சொல்வது? யாரும் மயங்காததை மயங்குவிடை என்பது பொருத்தமில்லை. 'சொத்தைத் தெரிவு' என்று வைக்கலாமா?

> 'சொத்தைத் தெரிவு'

பேச்சுக்கு அருமை. அறிக்கையின் தலைப்பில் நிற்காது. 'வெற்றுத் தெரிவு' என்று வைத்துக்கொள்வோம்.